ஒரு பலகைக்கு இரண்டு ராஜா!
13 ஆண்டு பிரிந்து கிடந்த செஸ் உலகம் ஒன்று சேர்ந்த கதை

அதியன்னூர்:

ஒரு ஊரில் ஒரு செஸ் கிளப். ஆரம்பத்தில் பத்துப் பேர். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பெஞ்சை இழுத்துப் போட்டுப் பலகையை விரிப்பார்கள். ஓணத்துக்கு ஒரு போட்டி, பொங்கலுக்கு ஒரு போட்டி என்று நடக்கும். ஒரு வருஷம் வசூல் கணக்கு யார் கையில் இருப்பது என்று ஒரு பேச்சு எழும். அடுத்த வருஷம் அதே ஊரில் இரண்டு கிளப்! இரண்டு நோட்டீஸ், இரண்டு கோப்பை, இரண்டு சாம்பியன்.

பிறகு ஊரில் யாருக்காவது ஆபரேஷன் என்று வரும். "சிகிச்சை நிதிக்காக இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு ஆட்டம் போடுங்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சேர்ந்து ஆடுவார்கள். பணமும் சேரும். போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் அவரவர் பெஞ்சுக்கு அவரவர் போய்விடுவார்கள்.

நெய்யாற்றின்கரை, அதியன்னூர், பாறசாலை வட்டாரத்தில் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் தமிழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. செஸ் என்று இல்லை. சீட்டு, கேரம், கபடி, ஏன், சங்கங்களே கூட இப்படிப் பிரிவது உண்டு. வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் இரண்டாகப் பிரிந்தால் ஒரு ஹால் வாடகை கொடுக்கக்கூட ஆள் சேராது.

ஆனால் இந்த வியாதி நம் ஊர் கிளப்போடு நிற்பதில்லை. செஸ் ஆட்டத்தில் உலகத்துக்கே இரண்டு சாம்பியன்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. 1993-ம் ஆண்டு தொடங்கிய அந்தப் பிளவு 2006-ம் ஆண்டுதான் தீர்ந்தது. அந்த 13 ஆண்டுகளில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் சென்னைக்காரரான விசுவநாதன் ஆனந்த். பிரிந்தவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், எது சேர்த்தது, எது சேர்க்கவில்லை என்பதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

சண்டை தொடங்கிய விதம்

"பிடே" எனப்படும் சர்வதேச செஸ் சம்மேளனம் 1924-ம் ஆண்டு பாரீஸ் நகரில் தொடங்கப்பட்டது. 1946-ல் உலக சாம்பியன் அலெகைன் பட்டத்தோடு காலமானார். காலியான நாற்காலிக்கு 1948-ல் பிடே ஒரு போட்டி நடத்தியது. ரஷியாவின் போட்வின்னிக் ஜெயித்தார். அன்று முதல் உலகப் பட்டம் பிடேயின் கையில்தான் இருந்தது. அடுத்த 45 ஆண்டுகள் "யார் சாம்பியன்?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்.

1993-ல் சாம்பியனாக இருந்தவர் ரஷியாவின் காஸ்பரோவ். அவரை எதிர்த்து ஆடும் உரிமையைப் பெற்றவர் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட். அந்த உரிமையைப் பெற ஷார்ட் வழியில் இரண்டு பெரிய புள்ளிகளைத் தோற்கடித்திருந்தார். ஒருவர் முன்னாள் சாம்பியன் கார்ப்போவ். இன்னொருவர் ஹாலந்து நாட்டின் டிம்மன்.

போட்டியை மான்செஸ்டர் நகரில் நடத்துவதாக பிடே தலைவர் காம்போமானெஸ் அறிவித்தார். "ஆடப்போவது நாங்கள். எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம்?" என்று ஷார்ட்டும் காஸ்பரோவும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் பெரிய வினையாக முடிந்தது. பிடேயை விட்டு வெளியேறி, தொழில்முறை செஸ் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். லண்டன் "டைம்ஸ்" பத்திரிகை பணம் போட்டது.

பிடே சும்மா இருக்கவில்லை. காஸ்பரோவின் பட்டத்தைப் பறித்தது. கார்ப்போவையும் டிம்மனையும் ஆட வைத்தது. ஆக, 1993-ல் ஒரே சமயத்தில் இரண்டு "உலக சாம்பியன்" போட்டிகள் நடந்தன! லண்டனில் காஸ்பரோவ் 12½-7½ என்று ஷார்ட்டை வென்றார். பிடே நடத்திய போட்டியில் கார்ப்போவ் 12½-8½ என்று டிம்மனை வென்றார். ஷார்ட்டிடம் தோற்ற இரண்டு பேர் தங்களுக்குள் ஆடி, அதில் ஒருவர் உலக சாம்பியன் ஆனார் என்பதுதான் வேடிக்கை!

இரண்டு படகில் ஒரு கால்

ஆனந்த் என்ன செய்வார்? 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். எந்தக் கட்சியிலும் சேர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆட வேண்டும், அவ்வளவுதான். எனவே இரண்டு பக்கமும் ஆடினார்.

1994-ல் பிடே பக்கத்துப் போட்டி ஆந்திராவில் சங்கி நகரில் நடந்தது. அமெரிக்காவின் காம்ஸ்கியிடம் ஆனந்த் தோற்றார். அதே காம்ஸ்கியை மறு ஆண்டு எதிர்த்தரப்புப் போட்டியில் வென்றார். 1995 செப்டம்பர் 11-ந் தேதி, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் காஸ்பரோவுடன் மோதினார். முதல் 8 ஆட்டங்கள் டிரா. 9-வது ஆட்டத்தில் ஆனந்த் வெற்றி. அதன் பிறகு காஸ்பரோவ் சீறி எழுந்து 10½-7½ என்று ஜெயித்துவிட்டார்.

அதோடு அந்தச் சங்கத்தின் கதையும் முடிந்தது. பணம் கொடுத்து வந்த இன்டெல் கம்பெனி விலகிக்கொண்டது. சங்கம் 1996-ல் கலைந்தது. ஆனால் பட்டம் மட்டும் காஸ்பரோவின் கையில் இருந்தது. வீடு இடிந்த பிறகும் சாவியை வைத்துக்கொண்டிருப்பது போல!

சேர்ந்து ஆடினார்கள், சேரவில்லை

இந்த 13 ஆண்டுகளும் இரு தரப்பும் முகம் பார்க்காமல் இருந்தார்களா என்று வாசகர்கள் கேட்கலாம். அதுதான் இல்லை. 1994-ல் ஸ்பெயின் நாட்டு லினாரஸ் போட்டியில் கார்ப்போவ், காஸ்பரோவ் இருவரும் ஆடினார்கள். கார்ப்போவ் 13 ஆட்டத்தில் 11 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றார். அதே ஆண்டு மாஸ்கோவில் பிடே நடத்திய ஒலிம்பியாடில், அதே பிடே பட்டத்தைப் பறித்த காஸ்பரோவ் ரஷிய அணிக்கு முதல் பலகையில் ஆடினார். ரஷியாவுக்குத் தங்கம். 1996-ல் எரவானிலும் அப்படியே.

ஒரே ஹாலில் உட்கார்ந்தார்கள். ஒரே அணியில் ஆடினார்கள். கைகுலுக்கினார்கள். ஆனால் பட்டம் இரண்டாகவே இருந்தது. எந்தப் போட்டியிலும் அந்தப் பட்டத்தை யாரும் மேஜைமேல் வைக்கவில்லை. சிகிச்சை நிதிக்காகச் சேர்ந்து ஆடிவிட்டு மறுநாள் தனித்தனி பெஞ்சுக்குப் போகிற கிளப்புகளின் கதைதான் இதுவும்.

விலை கொடுத்தது யார்?

சண்டை போட்டது தலைவர்கள். நஷ்டம் ஆட்டக்காரர்களுக்கு.

1998-ல் ஷிரோவ் என்ற ஆட்டக்காரர், கிராம்னிக்கை முறைப்படி வென்று காஸ்பரோவுடன் மோதும் உரிமையைப் பெற்றார். போட்டி நடத்தப் பணம் கிடைக்கவில்லை என்றார்கள். அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 2000-ம் ஆண்டு லண்டனில் காஸ்பரோவுடன் ஆட வாய்ப்புக் கிடைத்தது யாருக்குத் தெரியுமா? ஷிரோவிடம் தோற்ற கிராம்னிக்குக்கு! கிராம்னிக் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 8½-6½ என்று ஜெயித்து சாம்பியன் ஆனார். ஷிரோவ் யாரிடம் போய் முறையிடுவார்? கேட்க ஒரு பொதுவான நாட்டாண்மை இல்லையே!

ஆனந்தின் கதையும் அப்படித்தான். 1997 டிசம்பரில் ஹாலந்தில் குரோனிங்கன் நகரில் ஏறக்குறைய மூன்று வாரம் ஒவ்வொருவராக வென்று இறுதிக்கு வந்தார். 1998 ஜனவரி 2-ந் தேதி லாசேன் நகரில் கார்ப்போவுடன் ஆட வேண்டும். கார்ப்போவ் நேரடியாக இறுதிக்கு வந்தவர்; ஓய்வெடுத்துத் தயாராக இருந்தார். 6 ஆட்டத்தில் 3-3 சமம். வேக ஆட்டத்தில் கார்ப்போவ் ஜெயித்தார்.

2000-ம் ஆண்டு பிடே போட்டி டெல்லியில் நடந்து, இறுதி ஆட்டம் டெஹ்ரானில் நடந்தது. டிசம்பர் 24-ந் தேதி ஷிரோவை 3½-½ என்று வென்று ஆனந்த் உலக சாம்பியன் ஆனார். இந்தியாவே கொண்டாடியது. ஆனால் அதே ஆண்டில்தானே லண்டனில் கிராம்னிக்கும் சாம்பியன் ஆகியிருந்தார்? எனவே வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஆனந்தை "பிடே சாம்பியன்" என்று எழுதின. உலகத்தை வென்ற பிறகும் பெயருக்கு முன்னால் ஒரு ஒட்டு! உழைத்தவனுக்குச் சம்பளத்தைப் பாதியாக எண்ணிக் கொடுத்த மாதிரி.

பிராகு ஒப்பந்தம்

2002 மே 6-ந் தேதி பிராகு நகரில் ஒரு சமரசம் கையெழுத்தானது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் செய்ராவன் வகுத்த திட்டம் அதற்கு அடிப்படை. பிடே தலைவர் இல்யும்சினோவ், காஸ்பரோவ், கிராம்னிக் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். திட்டம் எளிது: பிடே சாம்பியனாக இருந்த பொனமரியோவ், காஸ்பரோவுடன் ஆட வேண்டும். கிராம்னிக், தம்மை எதிர்க்கத் தகுதி பெறுபவருடன் ஆட வேண்டும்; அப்படிப் பிறகு தகுதி பெற்றவர் ஹங்கேரியின் லேகோ. ஜெயிக்கிற இருவரும் மோத வேண்டும். அதில் வெல்பவர் ஒரே சாம்பியன்.

கையெழுத்துப் போடுவது ஒரு நாள் வேலை. நடத்துவதுதான் பாடு. பொனமரியோவ்-காஸ்பரோவ் போட்டி 2003-ல் ரத்தானது. அடுத்து வந்த பிடே சாம்பியன் உஸ்பெகிஸ்தானின் காசிம்ஜானோவ். அவருடன் காஸ்பரோவ் ஆடுவதாக இருந்ததும் நடக்கவில்லை. காத்துக் காத்துச் சலித்துப்போன காஸ்பரோவ் 2005 மார்ச்சில் செஸ் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டார். பிரிவினையைத் தொடங்கி வைத்தவர், அது தீர்வதை ஆட்டக்காரராக இருந்து பார்க்கவில்லை.

லேகோவுடனான போட்டி மட்டும் 2004-ல் நடந்தது. 7-7 சமம். கடைசி ஆட்டத்தை வென்று கிராம்னிக் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

எலிஸ்டாவில் என்ன நடந்தது?

2005-ல் அர்ஜென்டினாவில் நடந்த பிடே போட்டியில் பல்கேரியாவின் டோபலோவ் சாம்பியன் ஆனார். 2006 செப்டம்பரில் ரஷியாவின் கல்மிகியா பகுதியில் உள்ள எலிஸ்டா நகரில் கிராம்னிக்கும் டோபலோவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 12 ஆட்டங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆளுக்கு 5 லட்சம் டாலர். ஆனால் பட்டம் ஒருவருக்குத்தான். அது மட்டுமல்ல, தோற்றால் அடுத்த ஆண்டு நடக்கும் உலகப் பட்டப் போட்டியில் இடம் கிடையாது என்பதும் முன்கூட்டியே பேசி முடிவானது.

முதல் நான்கு ஆட்டத்தில் கிராம்னிக் 3-1 என்று முன்னணி. அப்போது கிளம்பியது ஒரு வம்பு. கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார் என்று டோபலோவின் மானேஜர் புகார் கொடுத்தார். தனித்தனிக் கழிவறைகளை அதிகாரிகள் பூட்டிவிட்டார்கள். "ஒப்பந்தத்தில் உள்ளதை இடையில் மாற்றினால் ஆட மாட்டேன்" என்றார் கிராம்னிக். 5-வது ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. புள்ளி டோபலோவுக்குப் போனது. உலகத்தின் பெரிய பட்டம் ஒரு கழிவறைச் சாவியில் வந்து நின்றது!

13 ஆண்டு முயற்சி அன்றோடு பாழாகியிருக்கும். கிராம்னிக் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால், இன்னும் எத்தனை வருஷம் இரண்டு சாம்பியன் கதை ஓடியிருக்குமோ! ஆனால் அவர் போகவில்லை. போன புள்ளி போனதுதான் என்றார்கள். ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டு, 3-2 என்ற கணக்கிலேயே அக்டோபர் 2-ந் தேதி வந்து உட்கார்ந்து ஆடினார்.

12 ஆட்டம் முடிவில் 6-6. ஆடாத ஆட்டத்தின் புள்ளி இல்லாவிட்டால் அன்றே கிராம்னிக் ஜெயித்திருப்பார். மறுபடியும் பொறுத்துக்கொண்டார். அக்டோபர் 13-ந் தேதி வேக ஆட்டத்தில் 2½-1½ என்று வென்றார். 1993-க்குப் பிறகு முதல் தடவையாக "உலக சாம்பியன் யார்?" என்ற கேள்விக்கு ஒரே பெயர் பதிலாக வந்தது.

டோபலோவ்? சொன்ன சொல்படி 2007 மெக்சிகோ போட்டியில் அவருக்கு இடம் இல்லை. அந்தப் போட்டியில் 14 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து ஆனந்த் சாம்பியன் ஆனார். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கையே நேருக்கு நேர் 6½-4½ என்று வென்றார். இந்தத் தடவை பெயருக்கு முன்னால் எந்த ஒட்டும் இல்லை.

நிதி ஆட்டம் செய்வதும் செய்யாததும்

ஒரு பெரிய ஆட்டக்காரர் பல பேருடன் ஒரே நேரத்தில் ஆடும் காட்சி ஆட்டம் செஸ் உலகில் பழைய வழக்கம். நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்கவும் அது உதவும். கொரோனா நிவாரணத்துக்காக 2021 மே மாதம் ஆனந்த், ஹம்பி, ஹரிகா, திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரின், சென்னையின் பிரக்ஞானந்தா ஆகியோர் கம்ப்யூட்டர் வழியாக இப்படி ஆடினார்கள். ஜூன் 13-ந் தேதி சினிமா, கிரிக்கெட், வியாபாரப் பிரமுகர்களுடன் ஆனந்த் ஆடினார். அதில் ஒரு தொழிலதிபர், தமக்குக் கம்ப்யூட்டரின் உதவி இருந்தது என்று மறுநாள் ஒப்புக்கொண்டார். தர்ம ஆட்டத்தில்கூட ஒரு தகராறு!

நிவாரணம் பெற்றவர்களுக்கு அந்தப் பணம் பெரிய உதவி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சங்கச் சண்டையை அது தீர்க்காது. அகில இந்திய செஸ் சம்மேளனமே 2020-ல் இரண்டாக நின்றது. தலைவர் ஒரு பக்கம், செயலாளர் ஒரு பக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணி ஆன்லைன் ஒலிம்பியாடில் ரஷியாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. நாடே வாழ்த்தியது. அதனால் தகராறு தீர்ந்ததா? இல்லை. கோர்ட் வரை போய், 2021 ஜனவரி 4-ந் தேதி தேர்தல் நடந்து ஓட்டு எண்ணிய பிறகுதான் ஒரு நிர்வாகம் வந்தது.

அதுவும் முழுத் தீர்வு அல்ல. 2022-ல் செயலாளர் பதவி பற்றி டெல்லி ஐகோர்ட்டில் பிரச்சினை எழுந்தது. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடக்க வேண்டிய நேரம். அது முடியும்வரை அவர் பதவியில் தொடர சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கு மேற்பட்ட அணிகள் அங்கே ஆடின. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பலகை ஒன்றாக இருக்கட்டும் என்று முடிவு செய்ததால் நடந்த காரியம் அது.

பகை மறந்ததற்கு அடையாளம்

2010-ல் ஆனந்த் தமது பட்டத்தைக் காக்க பல்கேரியாவின் சோபியா நகரில் டோபலோவுடன் ஆடினார். ஐஸ்லாந்து எரிமலைப் புகையால் விமானங்கள் நின்றுவிட்டன. ஐரோப்பாவைக் காரிலேயே கடந்து போய்ச் சேர்ந்தார். 6½-5½ என்று ஜெயித்தார். அந்தப் போட்டிக்குத் தயாராகத் தமக்கு உதவியவர்கள் யார் யார் என்று பிறகு சொன்னார். காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன்! 1995-ல் தம்மைத் தோற்கடித்தவர், 2008-ல் தம்மிடம் தோற்றவர், 2013-ல் சென்னையில் தம்மிடமிருந்து பட்டத்தைப் பறிக்கப்போகிறவர் ஆகிய மூவரும்!

பட்டம் யாருக்கு என்பது பலகையில் தீர்ந்துவிட்டால் மனக்கசப்பு நிற்பதில்லை. தீராமல் இருக்கும்வரை கைகுலுக்கலில்கூடக் கசப்பு இருக்கும்.

நம் கிளப்புகள் கவனிக்க

நம் கேரளத்திலேயே திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் கிராமம் பிரசித்தம். குடியால் சீரழிந்த அந்த ஊரில் உண்ணிகிருஷ்ணன் என்பவர் தமது டீக்கடையில் பலகையை வைத்துப் பொழுது போகாதவர்களுக்கு செஸ் கற்றுக்கொடுத்தார். ஊரே ஆடத் தொடங்கியது. கேடயமும் பதவியும் பிறகு வந்திருக்கலாம். முதலில் வந்தது எல்லோரும் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு.

அதியன்னூர்ப் பக்கமோ, பாறசாலைப் பக்கமோ, எங்கேயோ இரண்டாகிப் போன ஒரு கிளப் மறுபடி சேர வேண்டுமானால் எலிஸ்டா சொல்லும் பாடம் மூன்று.

முதலாவது, இரு தரப்பும் தங்கள் கையில் இருப்பதை மேஜைமேல் வைக்க வேண்டும். கோப்பை, கணக்கு நோட்டு, ரசீதுப் புத்தகம், பலகைகள் எல்லாம். "எங்களுடையது எங்களிடமே இருக்கட்டும், சேர்ந்து மட்டும் ஆடுவோம்" என்றால் அது காட்சி ஆட்டம்தான்.

இரண்டாவது, ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்பதை ஆடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை வருஷம், கணக்கை யார் பார்ப்பது என்பதும் அதில் சேரும். கேட்காமல் முடிவு செய்ததில்தானே 1993 சண்டையே தொடங்கியது!

மூன்றாவதுதான் கஷ்டம். நடுவில் ஒரு அநியாயம் நடந்தாலும், ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார ஒருவர் வேண்டும். ஒரு புள்ளி போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற மனசு வேண்டும். அப்படி ஒருவர் இரண்டு பக்கத்திலும் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு பக்கத்தில் இருந்தாலே போதும் என்பதை எலிஸ்டாவில் பார்த்தோம்.

2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரேனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் சென்னையின் குகேஷ். அவர் பிறந்த 2006-ம் ஆண்டில்தான் அந்த நாற்காலி மறுபடி ஒன்றானது. அவர் எந்தப் பக்கத்துச் சாம்பியன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனந்துக்கு 2000-ம் ஆண்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. நம் தெருவில் இப்போது காய் நகர்த்தக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது இருக்குமா என்பது, அடுத்த ஓணத்துக்கு எத்தனை நோட்டீஸ் அச்சாகிறது என்பதைப் பொறுத்தது.